இருப்புப்பாதையும் நேர்க்கோடும்

இருப்புப்பாதையின் நடுவே நெடுந்தொலைவு நோக்குவோர்க்கு, இரண்டு தண்டவாளங்களும் அடிவானத்தருகே ஒன்றுகூடிவிடுவன போலத் தோன்றும். கண் காட்டும் இக்காட்சி மெய்யன்று. நம் நாட்டு அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே வகுத்துள்ள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். காசியிலும் அதுவே, கன்னியாகுமரியிலும் அதுவே. அவை எங்கேனும் ஒன்றுகூடுமாயின் அவற்றின்மேல் வண்டி ஓடுவதெங்ஙனம்?

அதே பாதையின் ஓரத்தில் ஆங்காங்கே ஒரு சிறு கம்பம் நட்டிருக்கக் காணலாம். அதற்கு இரண்டு கைகள் உண்டு. ஒரு கையில் 100 என்றும், மற்றொன்றில் 200 என்றும் எழுதியிருக்கும். கை மேல்நோக்கி இருப்பின் ஏற்றம். கீழ்நோக்கி இருப்பின் இறக்கம். பயணிகளுள் பெரும்பாலோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எஞ்சினை ஓட்டுபவர் இதனைக் காணாமல் செல்வதற்கில்லை.

கம்பத்தில் எழுதிய எண் நேர்க்கோட்டின் சாய்வைக் குறிக்கிறது. தண்டவாளங்கள் இணைகோடுகளின் இயல்பைக் காட்டுகின்றன. இவ்விரண்டையும் கொண்டு, நேர்க்கோட்டின் சாய்வைக் காண்பதெப்படி, அதன் சமன்பாட்டை எழுதுவதெப்படி, இரு கோடுகள் இணையானவை என்று அறிவதெப்படி என்பவற்றை முதலில் காண்போம். பின்னர், தரையில் இல்லாமல் தாளின்மேல் வரையப்பெறும் வேறொரு வகை இரயில் கோட்டுக்கு வருவோம். வண்டியின் காலந்தவறாமையும் பயணிகளின் உயிரும் அக்கோட்டைச் சார்ந்திருக்கின்றன.

சாய்வு என்ற சொல் நமக்குப் புதிதன்று. வீட்டுக்குத் தளம் போடும் கொத்தனார் தண்ணீர் வடிவதற்காகத் தரைக்கு 'வாட்டம்' விடுகிறார். அவர் சொல்லும் வாட்டமும் கணித நூலார் சொல்லும் சாய்வும் ஒன்றே. கிடையாக இவ்வளவு தொலைவு சென்றால் உயரம் எவ்வளவு மாறுகிறது என்பதே கேள்வி. உயர மாற்றத்தைக் கிடைத் தொலைவால் வகுத்தால் வருவது சாய்வு. 100 மீட்டர் சென்றால் 1 மீட்டர் ஏறும் பாதையின் சாய்வு 1/100. கம்பத்தின் கையில் எழுதியிருக்கும் 100 என்பது இப்பின்னத்தின் கீழ் எண்ணே. ஆகையால் 200 என்று எழுதிய சரிவு, 100 என்று எழுதியதைவிடச் செங்குத்தானது அன்று. அதில் பாதியளவே ஆகும்.

இங்கே ஒரு செய்தியை ஒளிக்காமல் கூற வேண்டும். அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம் கணிதம் பயின்று பட்டம் பெற்றோம் அல்லோம். கலைப் பிரிவில் பயின்றவர்களே. ஒரு முறை, பாதைச் சரிவைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும்போது, 'நூற்றுக்கு ஒன்று' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஒன்றுக்கு நூறு' என்று எழுதிவிட்டோம். படியைப் பார்வையிட்ட பொறியாளர் அவ்வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது பாதையன்று, சுவர்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். 1 மீட்டர் சென்று 100 மீட்டர் ஏறுவது சுவரன்றி வேறென்ன? எதை எதால் வகுக்கிறோம் என்பதை மாற்றிவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும் என்பதை அன்று அறிந்தோம். பள்ளி மாணவர் செய்யும் தவறுகளிலும் இதுவே பெரும்பான்மை என ஆசிரியர் பலர் கூறக் கேட்டிருக்கிறோம்.

இனி, கம்பம் இல்லாத இடத்தில் சாய்வைக் கண்டறிவது எப்படி? இரண்டு இடங்களின் தொலைவும் உயரமும் தெரிந்தால் போதும். ஒரு நிலையத்திலிருந்து ஒரே சீராக ஏறிச் செல்லும் பாதையொன்றை எண்ணிக்கொள்வோம். 4ஆம் கிலோமீட்டரில் அதன் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 312 மீட்டர்; 9ஆம் கிலோமீட்டரில் 337 மீட்டர். உயர வேறுபாடு 25 மீட்டர். தொலைவு வேறுபாடு 5 கிலோமீட்டர். 25ஐ 5ஆல் வகுக்க 5 வருகிறது. அஃதாவது, பாதை கிலோமீட்டருக்கு 5 மீட்டர் ஏறுகிறது. தொலைவையும் மீட்டராகவே கொண்டால் 5,000இல் 25, அஃதாவது 1/200. இரண்டும் ஒரே சரிவே. அளக்கும் அலகு மாறியதால் எண் மாறிற்றேயன்றிப் பாதை மாறவில்லை.

கழிக்கும்போது வரிசை பிறழலாகாது. உயரத்தில் இரண்டாம் இடத்திலிருந்து முதல் இடத்தைக் கழித்தால், தொலைவிலும் அவ்வாறே கழித்தல் வேண்டும். ஒன்றில் ஒரு வரிசையும் மற்றொன்றில் வேறு வரிசையும் கொண்டால், ஏற்றம் இறக்கமாகத் தோன்றும். சாய்வு மிகை எண்ணாயின் ஏற்றம், குறை எண்ணாயின் இறக்கம், சுழியாயின் சமதளம். செங்குத்துக் கோட்டில் கிடைத் தொலைவே இல்லை. சுழியால் வகுத்தல் இயலாதாகையால் அதற்குச் சாய்வு என்றோர் எண் சொல்வதற்கில்லை.

சாய்வு தெரிந்தபின் சமன்பாடு எழுதுதல் எளிது. நிலையத்திலிருந்து உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் 'தொ' என்றும், உயரத்தை மீட்டரில் 'உ' என்றும் குறிப்போம். கிலோமீட்டருக்கு 5 மீட்டர் ஏறுகிறதாகையால், நிலையத்திலிருந்து ஏறிய அளவு 5 தொ. நிலையத்தின் உயரம் யாது? 4ஆம் கிலோமீட்டரில் 312 மீட்டர். அதுவரை ஏறியது 20 மீட்டர். ஆகவே நிலையம் 292 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமன்பாடு இது:

உ = 5 தொ + 292

சரிபார்க்க 9ஆம் கிலோமீட்டரை இதில் இடுவோம். 45ஐயும் 292ஐயும் கூட்ட 337 வருகிறது, கணக்கு ஒத்துப்போகிறது. 6ஆம் கிலோமீட்டரில் பாலம் கட்ட வேண்டுமாயின் அங்கே பாதையின் உயரம் 322 மீட்டர் என்பதை, அவ்விடம் செல்லாமலே சொல்லிவிடலாம். இரண்டே இடங்களை அளந்து, இடையிலும் அப்பாலும் உள்ள எல்லா இடங்களையும் அறிந்துகொள்ளும் ஆற்றலைச் சமன்பாடு நமக்கு அளிக்கிறது. கோட்டை எண்ணாகவும் எண்ணைக் கோடாகவும் மாற்றும் இம்முறையைப் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637ஆம் ஆண்டு தம் வடிவியல் நூலில் வெளியிட்டார். அக்காலத்திலேயே ஃபெர்மா என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞரும் இதனைத் தனியே கண்டிருந்தார்.

இச்சமன்பாட்டில் இரண்டு எண்கள் உள்ளன. 5 என்பது கோடு செல்லும் வகையைச் சொல்கிறது. 292 என்பது கோடு தொடங்கும் இடத்தைச் சொல்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தவர் நேர்க்கோட்டை முற்றும் அறிந்தவராவர்.

நம் நாட்டு மலைப் பாதைகள் சிலவற்றின் சாய்வை ஒப்பிட்டுப் பார்ப்போம். மும்பைக்கும் புனேக்கும் இடையே 1863ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற போர்க் கணவாய்ப் பாதையின் கடுஞ்சரிவு 37க்கு 1. 1903ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கால்கா–சிம்லா பாதையில் அது 33க்கு 1. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் நீலகிரிப் பாதையில் ஏறத்தாழ 12க்கு 1. பின்னங்களைத் தசமமாக்கினால் முறையே 0.027, 0.030, 0.083 என வரும்.

இவை காண்பதற்குச் சிறிய எண்களே. ஆயினும் 1,000 டன் எடையுள்ள வண்டியொன்று 37க்கு 1 என்ற சரிவில் ஏறும்போது, சமதளத்தில் இழுப்பதற்கு வேண்டிய விசைக்கு மேலாக, ஏறத்தாழ 27 டன் எடைக்கு ஈடான விசை வேண்டும். எடையைச் சாய்வால் பெருக்க வருவது அது. அதனாலேயே போர்க் கணவாயில் ஏறும் வண்டிகளுக்குக் கர்ஜத் நிலையத்தில் துணை எஞ்சின்களைச் சேர்க்கின்றனர். நீலகிரிப் பாதையிலோ சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள உராய்வை மட்டும் நம்ப முடியாது. ஆகவே கடுஞ்சரிவான பகுதியில் நடுவே பற்சட்டம் அமைத்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுமாறு செய்திருக்கின்றனர்.

கால்கா நிலையம் 656 மீட்டர் உயரத்திலும் சிம்லா 2,076 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே பாதையின் நீளம் ஏறத்தாழ 96 கிலோமீட்டர். 1,420 மீட்டர் ஏற்றத்தை இந்நீளத்தால் வகுத்தால் சராசரியாக 68க்கு 1 வருகிறது. பாதை வளைந்து வளைந்து செல்வதன் காரணம் இதிலிருந்தே விளங்கும். மலையின் உயரத்தைப் பொறியாளர் குறைக்க இயலாது. வகுக்கும் எண்ணாகிய தொலைவை நீட்டியே சாய்வைக் குறைக்க இயலும்.

ஏற்றத்தில் மட்டுமன்றி, நிலையத்திலும் சாய்வைக் கருத வேண்டியிருக்கிறது. நிலையப் பரப்பில் சரிவு 400க்கு 1 என்ற அளவை மிஞ்சலாகாது என்று நம் இரயில்வேயின் விதி கூறுகிறது. கண்ணுக்கே புலப்படாத இச்சரிவிலும், 60 டன் எடையுள்ள சரக்குப் பெட்டியை 150 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை கீழ்நோக்கி இழுக்கிறது. நிறுத்துக் கருவி இடாமல் விட்ட பெட்டி தானே உருண்டு சென்று பெரும் விபத்துக்குக் காரணமாகலாம்.

இனி இணைகோடுகளுக்கு வருவோம். முன்னர்க் கண்ட பாதைக்குப் பக்கத்தில், அதே சரிவில் இரண்டாம் பாதையொன்று போட விரும்புகின்றனர். வெள்ளம் வந்தாலும் மூழ்காதிருக்கும் பொருட்டு, 3ஆம் கிலோமீட்டரில் அதன் உயரம் 310 மீட்டராக இருத்தல் வேண்டும். அதன் சமன்பாடு யாது? இணையானது என்றதும் சாய்வைத் தேட வேண்டியதில்லை. பழைய 5ஐ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாறுவது தொடக்க எண் மட்டுமே. 3 கிலோமீட்டரில் ஏறுவது 15 மீட்டர். 310இலிருந்து 15ஐக் கழிக்க 295. ஆகவே புதிய பாதை:

உ = 5 தொ + 295

பழைய பாதையும் இதுவும் எங்கேனும் ஒரே உயரத்தில் இருக்குமா? இருக்குமாயின் 5 தொ + 292 என்பதும் 5 தொ + 295 என்பதும் சமமாதல் வேண்டும். இருபுறமும் உள்ள 5 தொவை நீக்கினால் 292உம் 295உம் சமம் என்றாகிறது. அது பொய். ஆகவே எத்துணைத் தொலைவு சென்றாலும் அவை ஒன்றுசேரா. 3 மீட்டர் வேறுபாடு என்றும் நிற்கும். இதிலிருந்து பெறும் விதி இது: சாய்வு ஒன்றாகித் தொடக்கம் வேறானால் கோடுகள் இணையானவை, சாய்வு வேறானால் அவை ஓரிடத்தில் சந்தித்தே தீரும்.

சந்தித்தே தீரும் என்ற இச்சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு, முன்னர்க் கூறிய தாள் கோட்டுக்குச் செல்வோம். இரயில்வேயின் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படம் உண்டு. அதில் கிடையாக நேரமும், மேல்நோக்கி நிலையங்களின் தொலைவும் குறிக்கப்பெறும். வண்டி ஒவ்வொன்றும் அதில் ஒரு கோடு. இம்முறை பழமையானது. பாரிசிலிருந்து லியோன் செல்லும் வண்டிகளின் இத்தகைய படமொன்றைப் பிரெஞ்சு அறிஞர் மரே 19ஆம் நூற்றாண்டிலேயே தம் நூலில் வெளியிட்டு, அம்முறையை இப்ரி என்னும் பொறியாளருக்கு உரியதாகக் குறித்தார். நம் நாட்டில் நெடுங்காலம் அலுவலர் பென்சிலும் அளவுகோலும் கொண்டு வரைந்த இப்படத்தை இப்பொழுது கணினி வரைகிறது. ஆயினும் கணிதம் அதுவே.

இப்படத்தில் உயர மாற்றத்துக்குப் பதிலாகத் தொலைவு மாற்றமும், கிடைத் தொலைவுக்குப் பதிலாக நேர மாற்றமும் நிற்கின்றன. தொலைவை நேரத்தால் வகுத்தால் வருவது வேகம். ஆகவே இங்கே சாய்வு என்பது வேகமே. நின்றிருக்கும் வண்டியின் கோடு சமதளக் கோடு. எதிர்த்திசையில் வரும் வண்டியின் சாய்வு குறை எண்.

180 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாதை ஒன்றை எண்ணிக்கொள்வோம். காலை 6 மணிக்கு இங்கிருந்து ஒரு பயணி வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 6 மணிக்குப் பின் கழிந்த மணிகளை 'நே' என்று குறித்தால், அதன் சமன்பாடு தொ = 40 நே. அதே நேரத்தில் மறுமுனையிலிருந்து விரைவு வண்டியொன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது. அதன் சமன்பாடு தொ = 180 − 50 நே. சாய்வுகள் வேறு, ஆகவே கோடுகள் சந்தித்தே தீரும். இரண்டையும் சமமாக்கினால் 90 நே = 180; நே = 2. காலை 8 மணிக்கு 80ஆம் கிலோமீட்டரில் அவை சந்திக்கும்.

80ஆம் கிலோமீட்டரில் நிலையமும் ஒதுங்குவதற்கு 'லூப்' தண்டவாளமும் இருந்தால் நன்று. அங்கே நிலையமில்லை, 70இலும் 90இலுமே நிலையங்கள் உள்ளன எனில் என் செய்வது? தாளில் கோடுகள் வெட்டிக்கொள்வதால் தீங்கொன்றுமில்லை. தரையில் அவ்விடத்தில் இருப்பது ஒரே பாதை. ஆகையால் பயணி வண்டி 70ஆம் கிலோமீட்டர் நிலையத்தில் 7 மணி 45 நிமிடத்துக்கு ஒதுங்கி நிற்கிறது. விரைவு வண்டி அந்நிலையத்தைக் கடக்கும் நேரம் 8 மணி 12 நிமிடம். 27 நிமிடம் காத்திருக்க வேண்டும். 'கிராசிங்குக்காக நிற்கிறது' என்று பயணிகள் சலிப்புடன் கூறுவது இதனைத்தான். படம் திட்டத்தை வகுக்கிறது. அத்திட்டம் பிழைபட்டாலும் உயிர் காப்பதற்கு வேறு காவலும் உண்டு. டோக்கன் முறை நடைபெறும் ஒற்றைப் பாதையில், நிலைய அதிபர் அளிக்கும் டோக்கன் கையில் இருந்தாலன்றி ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கனே வெளிவரும்.

8 மணி 12 நிமிடத்துக்குப் பயணி வண்டி மீண்டும் புறப்படுகிறது. வேகம் முன்போல 40. அதன் புதிய கோடு யாது? சாய்வு 40, நே 2.2 ஆகும்போது தொ 70. 40ஐ 2.2ஆல் பெருக்க 88. 70இலிருந்து 88ஐக் கழிக்க −18. ஆகவே:

தொ = 40 நே − 18

காலஅட்டவணையின் கோடு தொ = 40 நே. இரண்டுக்கும் சாய்வு ஒன்றே. ஆகவே அவை இணைகோடுகள். அட்டவணைப்படி இருக்க வேண்டிய இடத்துக்கு 18 கிலோமீட்டர் பின்னால் இவ்வண்டி என்றும் இருக்கும். 27 நிமிடத் தாமதம் அடுத்த நிலையத்திலும் 27 நிமிடமே. கடைசி நிலையத்திலும் 27 நிமிடமே. வழியில் எங்கும் நில்லாது ஒழுங்காக ஓடினாலும் ஒரு நிமிடமும் குறையாது. தாமதமான வண்டி தாமதமாகவே சென்று சேர்வதில் வியப்பொன்றும் இல்லை. இணைகோடுகள் சந்திப்பதில்லை.

தாமதத்தைப் போக்க வழி ஒன்றே. சாய்வை மாற்றுதல் வேண்டும். பாதை இடந்தருமாயின், ஓட்டுநர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்துகிறார் எனக் கொள்வோம். அப்பொழுது கோடு தொ = 50 நே − 40. இதனை அட்டவணைக் கோட்டுடன் சமமாக்கினால் 10 நே = 40; நே = 4. காலை 10 மணிக்கு, 160ஆம் கிலோமீட்டரில், வண்டி தன் அட்டவணையைப் பிடித்துவிடுகிறது. எஞ்சிய 20 கிலோமீட்டரை வழக்கமான வேகத்தில் ஓடி உரிய நேரத்துக்குச் சென்று சேர்கிறது. காலஅட்டவணை வகுப்போர், ஓடக்கூடிய முழு வேகத்தையும் கணக்கில் எடுத்துவிடாமல் சிறிது மிச்சம் வைப்பதன் காரணம் இதுவே. மிச்சம் இல்லையேல் சாய்வைக் கூட்ட இடமில்லை. சாய்வைக் கூட்ட இடமில்லையேல் காலையில் நேர்ந்த தாமதம் இரவு வரை தொடரும்.

இரண்டு இடங்களைக் கொண்டு சாய்வு காண்க. சாய்வையும் ஓர் இடத்தையும் கொண்டு சமன்பாடு எழுதுக. சாய்வுகளை ஒப்பிட்டு இணையா அன்றா என்று அறிக. பள்ளிப் பாடமாகிய இம்மூன்றும், கரும்பலகையில் எழுதி அழித்துவிடுவதற்குரியன அல்ல என்பதை இதுவரை கண்டோம். அடுத்த முறை நம் வண்டி பெயர் தெரியாத சிறு நிலையமொன்றில் ஒதுங்கி நிற்கும்போது, கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வதற்கு முன், எதிரே வரும் வண்டியின் கோட்டையும் நினைத்துப் பார்ப்போம். அதிலும் நம்மைப் போன்ற பயணிகளே அமர்ந்திருக்கின்றனர். அக்கோடுகள் சந்திக்கும் இடத்தை யாரோ ஒருவர் முன்னரே கணக்கிட்டு வைத்ததனாலேயே, நாம் இங்கே நிற்கிறோம். அவர்கள் நம்மைக் கடந்து நலமே செல்கின்றனர்.